பந்தியும் திருவிருந்தும்: திருவண்ணாமலை வட்டாரக் கிறித்தவரின் அன்றாட வாழ்வொழுக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சமய நம்பிக்கை கோட்பாட்டு நூல்களில் வரையறுக்கப்படுகிறது. உண்பது, உடுப்பது, அமர்வது, மணப்பது ஆகிய அன்றாடத் தெரிவுகளில் சோதிக்கப்படுகிறது. திருவண்ணாமலையையும் அதனைச் சூழ்ந்த பழைய ஆற்காட்டுப் பகுதியையும் களமாகக் கொண்டு, கிறித்தவ நம்பிக்கை அன்றாட ஒழுக்கமாக வடிவம் பெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. 'பந்தி' என்னும் சொல் இவ்வாராய்ச்சிக்கு அளவுகோலாகிறது. விருந்தினர் உண்ண அமரும் வரிசையைக் குறித்த இச்சொல், தமிழ்க் கிறித்தவ வழக்கில் திருவிருந்தையும் குறித்தது. யாரோடு உண்பது, எதை உண்பது, எவ்வாறு உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கு இப்பகுதியில் இயங்கிய டேனிஷ் மிஷன், திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமம், அருணாசலக் குகைகளில் தங்கிய அபிஷிக்தானந்தர் ஆகியோர் வாழ்வு தந்த விடைகள் ஒப்பிடப்படுகின்றன. பந்தியில் பெற்ற சமன்மை மணத்திற்கும் கல்லறைக்கும் நீளாதவரை அவ்விடை முழுமையடையாது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பந்தி, திருவிருந்து, ஒழுக்கம், டேனிஷ் மிஷன், கிறிஸ்துகுலம், அபிஷிக்தானந்தர், பண்பாட்டேற்பு, தலித் இறையியல்.

1. முன்னுரை

திருவண்ணாமலை சைவத்தின் பேரூர். மலையே இலிங்கமாக வணங்கப்படும் இந்நகரில் கார்த்திகைத் தீபமும் முழுநிலா நாளின் மலைவலமும் ஆண்டின் போக்கையே வகுக்கின்றன. இந்நகரிலும் சுற்றூர்களிலும் கிறித்தவர் சிறுபான்மையினராய் வாழ்கின்றனர். சிறுபான்மையினரின் சமய வாழ்வு ஓர் இயல்பைக் கொண்டது: பெரும்பான்மையினர்க்கு வழக்கமாக அமைவது சிறுபான்மையினர்க்குத் தெரிவாக அமைகிறது. அண்டை வீட்டார் தரும் பொரியுருண்டையை ஏற்பதா, திருமணத்தில் பூச்சூடுவதா, குழந்தைக்கு எப்பெயர் இடுவதா என்பவை அவர்க்கு நாள்தோறும் எழும் வினாக்கள். நம்பிக்கை அறிக்கையைக் காட்டிலும் இவ்வினாக்களுக்கு அவர் தரும் விடைகளே அவர்தம் சமயத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தமிழ்க் கிறித்தவம் குறித்த ஆய்வுகள் பெரிதும் காப்பியம், அகராதி, உரைநடை, அச்சுக்கலை ஆகியவற்றின் வளர்ச்சியைப் பேசுகின்றன. அவை இன்றியமையாதன. ஆயினும் அந்நூல்களைப் படித்த சபையார் எங்கு அமர்ந்தனர், யாருடன் உண்டனர் என்பதும் இலக்கிய வரலாற்றின் ஒரு கூறேயாகும். ஏனெனில் அவ்விலக்கியத்தின் கலைச்சொற்கள் அப்பந்திகளிலிருந்தே பிறந்தன.

2. ஒழுக்கம் என்னும் கருத்தாக்கம்

'ஒழுகுதல்' என்னும் வினையடியாகப் பிறந்த 'ஒழுக்கம்' இடையறாத ஓட்டத்தைக் குறிக்கும். ஒருநாட் செயல் ஒழுக்கமாகாது. நாளும் தொடர்வதே ஒழுக்கம். வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததும், விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்ததும், அறம் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் நிகழ்வது என்னும் கருத்தினாலாகும்.

இச்சொல்லின் ஆற்றலை உணர்ந்தே வீரமாமுனிவர் தம் உரைநடை நூலுக்கு 'வேதியர் ஒழுக்கம்' எனப் பெயரிட்டார். 1727ஆம் ஆண்டைச் சார்ந்த இந்நூலில் 'வேதியர்' என்பது கிறித்தவ வேதத்தைக் கற்பிக்கும் உபதேசியாரைக் குறிக்கிறது. அந்தணரைக் குறித்த சொல்லைச் சபைப் பணியாளர்க்கு உரியதாக்கியது ஒரு பொருண்மை மாற்றம். அவர்தம் பணியைக் கோட்பாடு என்னாமல் ஒழுக்கம் என்றது அதனினும் ஆழமான மாற்றம். ஊரூராய்ச் சென்று கற்பிக்கும் உபதேசியாரின் சொல்லைவிட அவர் வாழும் முறையையே மக்கள் முதலில் படிப்பர் என்னும் எண்ணம் இத்தலைப்பில் உள்ளடங்கியுள்ளது.

எனினும் ஒழுக்கம் என்னும் சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. குலவொழுக்கம், சாதியாசாரம் என்னும் வழக்குகளில் அது பிறப்புவழி வந்த கட்டுப்பாட்டையும் குறித்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி துறவியின் காவியுடையையும் மரக்கறி உணவையும் அந்தணர் சமைத்த சோற்றையும் ஏற்றபோது இவ்விரு பொருளும் ஒன்றாகக் கலந்தன. மண்ணின் வழக்கை மதித்த செயல் என்று அது போற்றப்படுகிறது. அதே வேளையில், முன்பே மதுரையில் இருந்த பரதவ கிறித்தவரின் பந்தியிலிருந்து விலகி நிற்றலாகவும் அது அமைந்தது. எந்த ஒழுக்கத்தை ஏற்பது, எதனை மறுப்பது என்னும் வினா தமிழ்க் கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே உணவின் வாயிலாக எழுந்ததை இது காட்டுகிறது.

3. பந்தி: ஒரு சொல்லின் இரு வாழ்வு

'பங்க்தி' என்னும் வடசொல்லின் திரிபான பந்தி, வரிசை என்னும் பொதுப்பொருளிலிருந்து உண்போர் வரிசை என்னும் சிறப்புப்பொருளைப் பெற்றது. ஒரே பந்தியில் ஒருவர்க்கு மிகுத்தும் மற்றவர்க்குக் குறைத்தும் படைப்பதைத் தமிழர் 'பந்திவஞ்சனை' என்றனர். அதற்கெனத் தனிச்சொல் இருப்பதே அது கடியப்பட்ட குற்றம் என்பதற்குச் சான்று. ஆனால் பந்திக்குள் வஞ்சனையைக் கடிந்த சமுதாயம், பந்தியில் அமரத் தகுதியற்றவர் எனச் சிலரை வாயிற்புறத்தே நிறுத்தியதை வஞ்சனை எனக் கருதவில்லை. பந்தியின் அறம் பந்திக்குள் இருந்தவர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் இச்சொல்லையே ஆண்டனர். விண்ணரசில் பலரும் வந்து அமர்வதைப் 'பந்தியிருத்தல்' என்றும், ஆண்டவரின் மேசையைப் 'போஜனபந்தி' என்றும் பெயர்த்தனர். மூலத்தில் மேசையாய் இருந்தது தமிழில் வரிசையாயிற்று. மேசை ஒரு பொருள். பந்தியோ மக்கள் அமரும் முறை. ஆகவே, மொழிபெயர்ப்பாளர் கருதியிருப்பினும் இல்லாவிடினும், தமிழ்ச் சபையில் திருவிருந்து என்பது அப்பமும் இரசமும் மட்டுமன்றி, அருகில் அமர்வோர் யார் என்னும் வினாவாகவும் ஆயிற்று.

மூலநூலிலும் இவ்வினா இல்லாமல் இல்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, தம் இனத்தார் சிலர் வந்தபோது அப்பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை நேர்நின்று கண்டித்தார் என்று கலாத்தியர் திருமுகம் கூறுகிறது. கொரிந்துச் சபையில் உடையோர் முந்தி உண்ண இல்லோர் பசித்திருந்ததைப் பவுல் கடிந்ததும் அறியத்தக்கது. இவ்விரு பகுதிகளும் தமிழ்நாட்டுச் சபைகளில் சாதிபற்றிய வாதங்களின் மூலச்சான்றுகளாயின.

4. தரங்கம்பாடியிலிருந்து பட்டாம்பாக்கம் வரை

1706இல் சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியபின் உருவான சீர்திருத்தச் சபைகளில் சாதிவழி இருக்கை முறை நிலைபெற்றது. தனித்தனி இடங்களில் அமர்தலும் திருவிருந்தை முன்பின்னாகப் பெறுதலும் வழக்கமாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த இளைய மிஷனெரிகள் இதனை மாற்ற முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் முதன்மைக் குரல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுதல், திருவிருந்தில் சாதிகளை ஒன்றாய் அமரச்செய்தல், விழாக்களில் மலரை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையை நீக்குதல் ஆகிய நான்கையும் அவர் ஒருசேர எதிர்த்தார்.

இந்நான்கும் ஒரே பட்டியலில் நிற்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மலரையும் தமிழிசையையும் காத்த பண்பாட்டுணர்வே சாதியிருக்கையையும் காத்தது. மறுபுறம், சாதியைக் களைய வந்த சீர்திருத்தம் மலரையும் இசையையும் உடன்களைந்தது. எது பண்பாடு, எது கொடுமை எனப் பிரித்தறியும் நுண்மை இரு தரப்பாரிடத்தும் குறைவாயிருந்தது. பின்னாளைய தமிழ்க் கிறித்தவ வரலாறு முழுவதும் இப்பிரித்தறிதலைக் கற்கும் முயற்சியே எனலாம்.

1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி உடனடியாகக் கைவிடப்படவேண்டும் என ஆணையிட்டார்; சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு நீங்கினர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைத் துறந்தமைக்கு உடனுண்ணலையே சான்றாகக் கேட்டது. 'அன்பின் விருந்து' எனப்பட்ட ஆதிச்சபை வழக்கம் இவ்வாறு சாதித்துறவின் தேர்வாயிற்று. அதில் ஓர் இடர் உண்டு. அன்பின் அடையாளமாகிய உணவு தேர்வாக்கப்படும்போது அன்பு பின்தள்ளப்படுகிறது; ஒருநாள் தேர்வில் உண்டவர் மறுநாள் தம் வீட்டுப் பந்தியில் பழைய வரிசைக்கே மீளல் கூடும். அது செயலாகுமேயன்றி ஒழுக்கமாகாது.

இம்மாநாட்டின் நிலைப்பாட்டை லைப்சிக் லுத்தரன் மிஷன் ஏற்கவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளைச் செருமானியத்திலும் இலத்தீனிலும் பெயர்த்தவர் என்னும் வகையில் தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்தவர். சாதி பெரிதும் குடிமை வழக்கே. நற்செய்தியின் ஆற்றலால் அது படிப்படியாகத் தேயும். கட்டாயம் கூடாது என்பது அவர் கருத்து. பிறப்பால் எல்லா உயிரும் ஒக்கும் என்ற நூலைப் பெயர்த்த கை, பிறப்புவழி வரிசையைப் பொறுத்துக்கொண்டது வரலாற்றின் முரண். அதே மிஷனைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ் இதற்கு உடன்படவில்லை. பிறர் தொட்ட உணவை மறுப்பவர் ஒரே திருவிருந்தில் பங்குபெறுவது பொய்மை என்று அவர் கருதினார். கருத்து வேறுபாடு முற்றவே மிஷனிலிருந்து விலகித் தென்னார்க்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன் பணியாளராக ஏற்றது.

திருவண்ணாமலையின் கிறித்தவ வரலாற்றுக்கு இதுவே வேர். டேனிஷ் மிஷன் பின்னர் இந்நகரைத் தன் பணித்தளங்களுள் ஒன்றாக்கியது. அம்மிஷனின் பெயர் தாங்கிய மேல்நிலைப் பள்ளி இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. அதன் சபைகள் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்துள்ளன. இத்திருச்சபை பந்தி குறித்த ஒரு மனச்சான்றின் மறுப்பிலிருந்து பிறந்தது என்பது நினைவிற்குரியது.

இக்காலத்தை ஒட்டியே, 1867இல், அதே தென்னார்க்காட்டு வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவிச் சாதி, சமயம் பாராது பசித்தோர்க்கு உணவளிக்கத் தொடங்கினார். ஒன்றை மற்றொன்றின் தாக்கம் எனக் கொள்ளவேண்டியதில்லை. பசி, பந்தி, பிறப்பு ஆகிய மூன்றும் அக்காலத் தமிழகத்தின் பொதுவினாக்களாய் இருந்தன. சைவ மரபின் உள்ளிருந்து ஒரு விடையும் கிறித்தவ மரபின் உள்ளிருந்து ஒரு விடையும் எழுந்தன.

5. கிறிஸ்துகுலம்: குலத்தை மீட்டெடுத்தல்

திருவண்ணாமலைக்கு வடமேற்கே, அன்றைய வடார்க்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில், 1921இல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துச் செல்வக்குடியில் பிறந்தவர். மக்கள் இவர்களைப் 'பெரியண்ணன்', 'சின்னண்ணன்' என அழைத்தனர். வெள்ளையரைத் 'துரை' என விளித்த காலத்தில் ஒரு வெள்ளையர் 'சின்னண்ணன்' ஆனதும், தமிழர் அவர்க்கு மூத்தவராகப் 'பெரியண்ணன்' ஆனதும் முறைப்பெயரில் நிகழ்ந்த சமுதாயப் புரட்சி எனலாம். ஆட்சியாளர், ஆளப்படுவோர் என்னும் வரிசையை உறவுமுறை வரிசை தலைகீழாக்கியது.

ஆசிரமத்தின் பெயரும் கருதத்தக்கது. 'குலம்' பிறப்புவழிப் பிரிவைச் சுட்டும் சொல். அதனை விலக்காமல், பிறப்பாலன்றி விருப்பால் சேரும் குடும்பத்தின் பெயராக்கினர். வீரமாமுனிவர் 'வேதியர்' என்பதற்குச் செய்ததை இவர்கள் 'குலம்' என்பதற்குச் செய்தனர். வேறுபாடு ஒன்று உண்டு: முன்னது பெரிதும் ஏட்டில் நிகழ்ந்தது, பின்னது நாள்தோறும் ஒரே கூரையின்கீழ் உண்டு, உழைத்து, மணவாது வாழ்ந்தவர்களால் நிகழ்ந்தது. சொல்லின் புதுப்பொருளுக்கு அவர்தம் வாழ்வே உரையாயிற்று.

கதராடை அணிதல், எளிய உணவு, நோயாளிகளுக்கு மருத்துவம், வேளை தவறாத வழிபாடு ஆகியவை இவர்தம் ஒழுக்கமாயின. கதர் அன்று வெறும் உடையன்று. ஓர் அரசியல் நிலைப்பாடு. 1932இல் சென்னையில், அன்னியத் துணிக்கடை மறியல் நடந்த பகுதியில், கதர் உடுத்திய பேட்டன் காவலரால் தாக்கப்பட்டார். இச்செய்தி பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் எதிரொலித்தது. காலையில் எந்த ஆடையை உடுப்பது என்னும் சிறு தெரிவு தடியடியில் முடியக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆசிரமச் செபாலயம் திராவிடக் கோயிற் கட்டடக் கலையைத் தழுவிக் கோபுரத்துடன் எழுப்பப்பட்டது. கோயிலின் வடிவை ஏற்றவர் கோயில்களில் அன்று நிலவிய நுழைவுத்தடையை ஏற்கவில்லை. வேதநாயகர் காலத்தில் பிரித்தறியப்படாமல் கிடந்த பண்பாடும் சாதியும் இங்குப் பிரிக்கப்பட்டன. மலரும் தமிழும் கோபுரமும் ஏற்கப்பட்டன, வரிசை மறுக்கப்பட்டது. சேரன்மாதேவிக் குருகுலத்தில் தனிப்பந்தி குறித்து 1924–25இல் எழுந்த போராட்டம் தமிழக அரசியலையே திருப்பிய காலமும் இதுவே. நாட்டுப்பற்றுள்ள கல்விக்கூடம் ஒன்று பந்தியில் இடறியபோது, சிறியதோர் ஆசிரமம் அதனைக் கடந்து நின்றது.

6. அருணாசலக் குகைகளில் ஒரு துறவி

பிரித்தானிப் பகுதியில் 1910இல் பிறந்த பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோ 1948இல் இந்தியா வந்தார். 1949 சனவரியில் அருட்திரு ஜூல்ஸ் மோன்சானினுடன் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிசியைக் கண்டார். 1950இல் இருவரும் குளித்தலை அருகே காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். அது சாந்திவனம் என வழங்குகிறது. லெ சோ 'அபிஷிக்தானந்தர்' என்னும் பெயரை ஏற்றார். 1952 முதலான சில ஆண்டுகளில் பலமுறை திருவண்ணாமலைக்கு வந்து மலைக்குகைகளில் மௌனத்தில் தங்கினார். 1955 இறுதியில் திருக்கோவலூரில் ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தது அவர் வாழ்வின் மற்றொரு திருப்பம்.

டேனிஷ் மிஷனும் கிறிஸ்துகுலமும் 'யாரோடு உண்பது' என வினவின. அபிஷிக்தானந்தர் வாழ்வில் வினா 'எவ்வாறு உண்பது' என மாறியது. காவியுடை, வெறுங்கால், தரையில் அமர்தல், பிறர் இடும் உணவை ஏற்றல் என்பவை அவர் ஏற்ற ஒழுக்கம். பிட்சை ஏற்பவர் பந்தியில் இடம் கேட்பதில்லை. கொடுப்பவரின் அறத்திற்குத் தம்மை ஒப்புவிக்கிறார். உணவளிக்கும் மருத்துவமனை, பள்ளி, விடுதி ஆகியவற்றின் தலைவராகவே மிஷனெரியைக் கண்டிருந்த ஊரில், உணவு பெறுபவராக ஓர் ஐரோப்பியக் குரு நின்றார் என்பதே இதன் சிறப்பு. கொடுத்தலில் உள்ள அன்பைச் சபை கற்பித்திருந்தது. பெறுதலில் உள்ள பணிவை அவர் கற்றார்.

இத்தெரிவு அவர்க்கு அமைதியை மட்டும் தரவில்லை. அத்துவித அனுபவத்திற்கும் திருச்சபைக் கோட்பாட்டிற்கும் இடையே அவர் பல்லாண்டு துன்புற்றதை அவர்தம் எழுத்துகள் காட்டுகின்றன. எனினும் 1973இல் இந்தூரில் மறையும்வரை கத்தோலிக்கக் குருவாகவே வாழ்ந்தார். இரண்டு பற்றுகளுள் ஒன்றைத் துறந்து எளிமை தேடாமல், இரண்டையும் தாங்கி நின்ற நேர்மையே அவர் வாழ்வின் ஒழுக்கம் எனக் கருதலாம்.

1962–65இல் நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இத்தகு தனிமனித முயற்சிகள் திருச்சபையின் பொதுவழக்கிற்கு வழிவகுத்தன. இலத்தீன் வழிபாடு தமிழாயிற்று, பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. 1969இல் இந்திய வழிபாட்டிற்கென உரோமை இசைவளித்த பன்னிரண்டு கூறுகளுள் தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி முதலியன அடங்கும். குகையில் ஒருவர் தேர்ந்தது பங்குக் கோவிலில் பலர்க்கும் இயல்வதாயிற்று.

7. படையல் உணவு: கோயில் நகரின் வினா

'எதை உண்பது' என்பது மூன்றாம் வினா. கோயில் நகரில் வாழும் கிறித்தவர்க்கு இது ஏட்டுவினா அன்று. மலைவலப் பாதையில் அன்னதானம் நிகழ்கிறது. தீபத்திருநாளில் அண்டை வீட்டிலிருந்து பலகாரம் வருகிறது. அலுவலகத்தில் உடன்பணியாற்றுவோர் திருநீற்றோடு பிரசாதமும் நீட்டுகின்றனர்.

கொரிந்தும் கோயில் நகரமே. அங்குள்ளோர் கேட்ட இதே வினாவிற்குப் பவுல் தந்த விடை இரு கூறுடையது. உணவு தன்னளவில் யாரையும் தீட்டுப்படுத்தாது. சந்தையில் விற்பதை ஆராயாமல் வாங்கலாம். அழைத்தவர் வீட்டில் வைத்ததை உண்ணலாம். ஆனால் அவ்வாறு உண்பது மற்றொருவர் மனச்சான்றைப் புண்படுத்துமாயின் அவர்பொருட்டு விலக்கலாம். மேலும், பிற தெய்வ வழிபாட்டுப் பந்தியில் பங்கேற்பதை அவர் வேறாகப் பிரித்துக் கூடாதென்கிறார். ஆக, அளவுகோல் உணவு அன்று. அருகிருப்பவரும் வழிபடப்படுபவருமே அளவுகோல்.

இவ்விடையைத் தமிழ்ச் சபைகள் ஒரேவகையாகப் பொருள்கொள்ளவில்லை. படையலை முற்றும் மறுப்பதே நம்பிக்கையின் உறுதி என்போர் ஒருசாரார். அன்போடு தரப்படுவதை மறுப்பது அண்டை வீட்டாரின் அன்பையே மறுப்பதாகும் என்போர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு மறுப்பின்றி நம்பிக்கைக்கு எல்லை இல்லை. பின்னவர்க்கு உறவின்றி நம்பிக்கைக்கு ஊர் இல்லை. கத்தோலிக்கத் தமிழில் நற்கருணைக்குச் 'சற்பிரசாதம்' என்னும் பெயர் வழங்கியது இங்குக் கருதத்தக்கது. கோயிற்சொல்லொன்று அடைபெற்றுத் திருவிருந்தின் பெயராயிற்று. அடைமொழி வேறுபாட்டையும் பெயர்ச்சொல் உறவையும் காத்தன. அண்டை வீட்டுப் பிரசாதத்தைக் குறித்து மக்கள் தடுமாறியதை அவர்தம் மொழி முன்பே ஒருவாறு தீர்த்துவைத்திருந்தது.

இங்கு ஒன்றைச் சுட்டல் வேண்டும். சாதியின் பெயரால் பிறர் உணவை மறுப்பதும் நம்பிக்கையின் பெயரால் படையலை மறுப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இரண்டும் நீட்டிய கையைத் திருப்பி அனுப்புகின்றன. மறுப்பவர் தம் காரணத்தை அன்புடன் விளக்கக் கடமைப்பட்டவர் என்பது இதனால் பெறப்படும். தீட்டு எனக் கூறி விலக்கப்பட்ட முன்னோரின் வழிவந்தவர்க்கு இக்கடமை இன்னும் மிகுதி.

8. உலையும் கல்லறையும்: உள்ளிருந்து எழும் திறனாய்வு

காவியும் ஆரத்தியும் வடமொழித் துதியும் இந்தியப் பண்பாட்டின் முகமா என்னும் வினாவைத் தலித் இறையியல் 1980களிலிருந்து எழுப்பிவருகிறது. ஆற்காட்டுப் பகுதிக் கிறித்தவருள் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்தம் முன்னோர் நுழைய இயலாத கருவறையின் சடங்குகளைச் சபைக்குள் கொணர்வது அவர்க்குப் பண்பாட்டேற்பு ஆகுமா என்பது நேர்மையான வினா. கிறிஸ்துகுலத்தையும் அபிஷிக்தானந்தரையும் போற்றும் ஆய்வாளர் இதனைக் கடந்துசெல்லல் ஆகாது. துறவி விரும்பி ஏற்ற வறுமை, வறுமையிலேயே பிறந்தவர்க்கு வழிகாட்டியாகுமா என்பதும் இதனோடு சார்ந்ததே.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என அறியப்பட்டவர், இதற்கு மாற்றாகக் கிராமிய இசையையும் 'ஒரு உலை' என்னும் கருத்தையும் முன்வைத்தார். ஒரே உலையில் சமைத்து அனைவரும் பகிர்ந்துண்ணும் எளியோர் வழக்கமே திருவிருந்தின் பொருளை விளக்கும் என்பது அதன் சாரம். இக்கருத்து பந்தியைக் கடந்து அடுக்களைக்குச் செல்கிறது. யார் எங்கு அமர்கிறார் என்பதற்கு முன், யாருடைய அரிசி, யாருடைய விறகு, யார் சமைத்தார் என வினவுகிறது. சமபந்தியில் அமர்பவர் ஒருநாளில் எழுந்து சென்றுவிடலாம். ஒரே உலை வைப்பவர் வாழ்வைப் பகிர்ந்தாக வேண்டும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது, சபைக்குள்ளும் துறவு இல்லங்களுக்குள்ளும் நிலவிய சாதியை அதன் உள்ளிருந்தே தமிழ் வாசகர் அறிந்தனர். வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்த தேவாலயச் சுவரை 1910இல் அருட்திரு கௌசானல் இடித்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின், 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்ட எறையூரில் தலித் கிறித்தவர் தனிப்பங்கு கோரியதை ஒட்டி மோதல் எழுந்து, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டென்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இன்று பந்தியில் பெரும்பாலும் தடையில்லை. உணவகமும் பள்ளிச் சத்துணவும் கோயில்களில் விடுதலை நாளன்று நிகழும் பொது விருந்தும் உடனுண்ணலை இயல்பாக்கியுள்ளன. ஆகவே உடனுண்ணல் இனி ஒருவரது ஒழுக்கத்தை அளக்கப் போதாது. சாதி பந்தியிலிருந்து பின்வாங்கி மணவறையிலும் கல்லறையிலும் அரண் அமைத்துக்கொண்டுள்ளது. ஓக்ஸ் 1850களில் பந்தியை நோக்கிக் கேட்ட வினாவை இன்று மணமகள் தேவை விளம்பரத்தையும் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரையும் நோக்கிக் கேட்க வேண்டியுள்ளது.

அரசின் ஆணையும் இவ்வொழுக்கத்தைச் சிக்கலாக்குகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவத்தைத் தழுவிய தலித் மக்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. சபைக்குள் சாதியால் துன்புறுவோர்க்குச் சபைக்கு வெளியே அத்துன்பத்திற்கு உரிய ஏற்பும் இல்லை. சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ்வோரைப் பொய்யர் எனக் கூறுமுன், உண்மை கூறுதலின் விலையை அவர்மேல் மட்டும் சுமத்தியவர் யார் என எண்ணவேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'பந்தி' என்னும் சொல்லாட்சி, திருவிருந்தைச் சடங்கு நிலையிலிருந்து சமுதாய உறவு நிலைக்கு இட்டுச்சென்றது. ஆற்காட்டுப் பகுதி லுத்தரன் சபையின் தோற்றமே பந்தி குறித்த கருத்து வேறுபாட்டோடு பிணைந்துள்ளது.

2. 'வேதியர்', 'குலம்', 'பிரசாதம்' போன்ற சொற்களை விலக்காமல் புதுப்பொருள் ஏற்றியது தமிழ்க் கிறித்தவ மொழிநடையின் பொது இயல்பு. அப்புதுப்பொருள் நிலைபெறுவது சொல்லாக்கத்தால் மட்டுமன்று. அச்சொல்லுக்கு ஏற்ப வாழ்ந்தவர்களால்.

3. யாரோடு, எவ்வாறு, எதை உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் தனித்தனி விடைகள் எழுந்தன. ஒன்றில் தெளிவுற்றோர் மற்றொன்றில் தெளிவுறாமை உண்டு. சாதியைக் களைந்தோர் மலரையும் களைந்தனர். மண்ணின் மரபை ஏற்றோர் மண்ணில் ஒடுக்கப்பட்டோரைக் காணாதிருந்தனர். இவற்றை ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பும் முறையில் சேர்த்துப் படிப்பதே பயனுடையது.

4. பண்பாட்டேற்பு, சாதி மறுப்பு ஆகிய இரண்டும் ஒன்றையொன்று திருத்தவேண்டியவை. கோபுரத்தை ஏற்று வரிசையை மறுத்த கிறிஸ்துகுலத்தின் முயற்சி இதற்கு முன்மாதிரி. 'ஒரு உலை' அதன் அடுத்த படி.

ஒழுக்கம் என்பது ஓட்டமாதலின் ஒரு தலைமுறை அடைந்த இடத்திலேயே அடுத்த தலைமுறை நின்றுவிடுதல் தேக்கமாகும். பந்தியில் பக்கத்தில் அமர இடம் தந்த சபை, தன் மகளின் மணத்திலும் தன் தந்தையின் கல்லறைக்கு அருகிலும் அவ்விடத்தைத் தரும்போதே திருவிருந்து அதன் முழுப்பொருளை எய்தும்.